டீக்காரம்மா நின்ற இடம்

அத்தியாயம் ஒன்பது

கேட்காமலே விலையைக் குறைக்கிற கடைக்காரனையும், கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஆசாமியையும் நம்பக் கூடாது என்பது சில்லறையின் சித்தாந்தம். இரண்டு இடத்திலும் சரக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கும்.

சில்லறை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மொத்த வியாபாரத் தெருவில், மூட்டைகளுக்கு நடுவே, பேரம் பேசும் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் அவன். இப்போது நாற்பது வயதில் ரயில் விபத்து விசாரணை அலுவலகத்தில் உதவியாளராகக் குப்பை கொட்டுகிறான். எவ்வளவு பெரிய விஷயத்தையும் நாலு பேச்சாக உடைத்து வீசிவிடுவான் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவனுடைய மேலதிகாரிக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு. ஊசி. ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, குத்தினால் மறுபக்கம் வந்துதான் நிற்கிற கேள்வி. முகத்துக்கு முன்னால் எல்லோருக்கும் அவர் மேடம்.

மேடத்தின் மேஜை மேல் கிடந்த காகிதத்தில் மூன்றே வரி.

‘ஏழாவது பெட்டியின் சக்கரங்களை நான் தட்டிப் பார்க்கவில்லை. சோம்பல்தான் காரணம். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை.’

“வேறு யாருக்கும்னு எழுதியிருக்கார். வேற யாருன்னு நாம கேக்கவே இல்லையே” என்றார் மேடம்.

“எங்க தெருவுல, ‘இது திருட்டுச் சரக்கு இல்லைங்க’ன்னு எவன் தானா சொல்றானோ, அவன் மூட்டையைத்தான் மேடம் முதல்ல பிரிப்பாங்க.”

நாலு நாளுக்கு முன் காலை ரயில் இந்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி இருபதாவது நிமிடம், ஆற்றுப் பாலத்து வளைவில், ஏழாவது பெட்டியின் மூன்றாவது சக்கரம் பிளந்தது. பெட்டி சாய்ந்தது. பதினோரு பேர் போய்விட்டார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி, இந்தக் காகிதத்தை எழுதிய மனிதரின் ஒரே மகள். முதல் வேலைக்குச் சேர, புதுச் செருப்பும் பழைய டிரங்குப் பெட்டியுமாகப் போனவள்.

“பெத்த பொண்ணு ஏறின பெட்டியை மட்டும் சோம்பல்ல விட்டுட்டாராம். பொய் சொல்றவன்கூடக் கொஞ்சம் பொருத்தமா சொல்லுவான்” என்றான் சில்லறை.

“சாயங்காலம் நாலு மணிக்குள்ள நான் இதுல கையெழுத்துப் போடணும். போட்டா அவர் நேரா ஜெயிலுக்கு. மேல இருக்கிறவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு சோம்பேறி கிடைச்சா பத்து ஃபைலை மூடிடலாம்” என்று மேடம் எழுந்தார். “வா. மூட்டையைப் பிரிப்போம்.”

காகிதத்தை எழுதியவர் அந்த ஸ்டேஷனின் சுத்தியல்காரர். அவர் வேலையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ரயில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்கி, நீளக் கைப்பிடி வைத்த சுத்தியலால், என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை சக்கரத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். மறுபக்கத்து வரிசையை அடுத்த பெரிய ஸ்டேஷன்காரர் பார்த்துக்கொள்வார். நல்ல சக்கரம் வெண்கலமாகப் பாடும். விரிசல் விட்டது ஓட்டைப் பானையாக ‘டொக்’ என்னும். சந்தேகம் வந்தால் அதே சக்கரத்தில் இன்னொரு தட்டு. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் சிவப்பு அட்டையைச் செருகிவிட வேண்டும். அட்டை செருகிய ரயிலை ஆண்டவனே வந்து கொடி காட்டினாலும் டிரைவர் கிளப்ப மாட்டார்.

பாலத்திலிருந்து இழுத்து வந்த பெட்டிகள் பணிமனைக் கொட்டகையில் நின்றன. ஏழாவது மட்டும் தனியாக, தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அதன் கீழே யாரோ ஒரு ஒற்றைச் செருப்பை ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள். சில்லறை அதைப் பார்க்காதது போலத் தாண்டினான்.

விபத்துக்கு முந்தின இரவு நல்ல மழை. சக்கரமெல்லாம் சேறு அப்பி, காய்ந்து, பொருக்காக இருந்தது. சுத்தியல் பட்ட இடத்தில் மட்டும் பொருக்கு உதிர்ந்து, உள்ளங்கையில் வைத்த காசு அளவுக்கு இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

“எண்ணு” என்றார் மேடம். தான் பெட்டிக்குப் பெட்டி சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே வந்தார்.

சில்லறை கைக்குட்டையை மூக்குக்கும் வாய்க்கும் கட்டிக்கொண்டு தவழ்ந்தான். முதல் பெட்டி, சக்கரத்துக்கு ஒரு தடம். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் ஒவ்வொன்று. மனிதர் கடிகாரம் மாதிரி வேலை செய்திருக்கிறார். ஏழாவது பெட்டியில் தார்ப்பாயைத் தூக்கினான். முதல் சக்கரம், ஒன்று. இரண்டாவது, ஒன்று. மூன்றாவது சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெரிய துண்டின் விளிம்பில்...

“மேடம்.”

“என்ன?”

“ரெண்டு.”

மேடம் குனிந்து பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில், இரண்டு கண்களைப் போல, இரண்டு தடம். அடுத்த சக்கரத்திலிருந்து கடைசிப் பெட்டி வரை மறுபடியும் ஒவ்வொன்றுதான்.

“தட்டவே இல்லைன்னு சொல்றவர், அந்த ஒரு சக்கரத்தை மட்டும் ரெண்டு தடவை தட்டியிருக்கார்.”

“குத்தத்தைக் குறைச்சுச் சொல்ற ஆளை வண்டி வண்டியா பாத்திருக்கேன். கூட்டிச் சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றான் சில்லறை. முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டினான். “இந்தப் பேரம் எந்தக் கடையிலயும் படியாது மேடம். யாருக்கோ லாபம் இருக்கு. யாருக்குன்னுதான் தெரியல.”

சுத்தியல்காரரை ஸ்டேஷனில் விளக்குகள் வைக்கிற அறையில் உட்கார வைத்திருந்தார்கள். காவலுக்கு ஒரு போலீஸ்காரர். சுத்தியல்காரர் முட்டியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் பெயின்ட் உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு கேள்வி” என்றான் சில்லறை, கைக்குட்டையை இன்னும் அவிழ்க்காமல்.

பதில் இல்லை. மறுபடியும் கேட்டான். சுவருக்குக்கூட ஒரு மரியாதை இருந்தது, இவனுக்கு இல்லை.

“முகத்துக்கு நேரா நின்னு பேசணும் சார்” என்றார் போலீஸ்காரர். “இல்லேன்னா பதில் வராது. ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னாடி கூப்பிட்டா அவமானம்னு நினைக்கிற ஆளு. ரோஷக்காரர்.”

சில்லறை கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு எதிரே போய்க் குந்தினான். சுத்தியல்காரரின் பார்வை சுவரிலிருந்து இறங்கி அவன் முகத்தில், கொஞ்சம் கீழே, நின்றது.

“நான் தட்டல. அதான் எழுதிக் குடுத்துட்டேனே.”

“அந்தப் பெட்டியில உங்க பொண்ணு இருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?” மேடம் அவன் தோளுக்கு மேலிருந்து கேட்டார்.

“நான்தான் டிரங்கைத் தூக்கி வெச்சேன். ஜன்னலோரம் உக்கார வெச்சேன்.”

“அப்புறமும் தட்டலையா?”

“சோம்பல்.”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால், வாழ்நாளில் ஒருநாள்கூடச் சோம்பலாக இருந்து பழக்கமில்லாதவர் என்று தெரிந்தது. உடம்புக்குப் பொருந்தாத இரவல் சட்டை மாதிரி அது அவர் மேல் தொங்கியது.

அவர்கள் எழுந்தபோது அவரே பேசினார்.

“அந்தக் காகிதத்தை என் வீட்டுக்காரிகிட்ட காட்டினீங்களா?”

“இல்லையே.”

“காட்டுங்க மேடம். நான் தட்டவே இல்லைன்னு அவகிட்ட சொல்லிடுங்க. மறந்துடாதீங்க.”

வெளியே வந்ததும் சில்லறை சொன்னான்: “அந்தக் காகிதத்தை நம்ம விலாசத்துக்கு எழுதல மேடம். நாம வெறும் தபால்காரங்க.”

மேடம் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம். பத்து வருஷ அனுபவம்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குக் கதவு என்று பெயரளவுக்குத்தான் ஒன்று இருந்தது. கழுத்துக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் ஒன்றும் கிடையாது. நடுவில் மட்டும் இரண்டு பலகை, தள்ளினால் ஆடுகிற வகை. வருகிறவர்களின் தலையும் செருப்பும் முதலில் தெரியும், ஆள் பிறகுதான் வருவார். மாஸ்டர் காகிதங்களைத் தேடிய நேரத்தில் சில்லறை மேஜையிலிருந்த புகார் புத்தகத்தைப் புரட்டினான். புகார் புத்தகத்தைப் போல ஒரு நகைச்சுவைப் புத்தகம் உலகத்தில் இல்லை என்பது அவனுடைய இன்னொரு சித்தாந்தம்.

“மேடம், இதைக் கேளுங்க. ‘டீக்காரம்மாவைக் கை தட்டிக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.’ இன்னொருத்தர். ‘காசை நீட்டியும் நிற்கவில்லை. இது வியாபாரமா, நடைப்பயிற்சியா?’ இவரு பாவம். ‘ஆறாவது பெட்டியிலிருந்து பதினோராவது பெட்டி வரை பின்னாலேயே ஓடினேன். பிறகு எனக்கு டீ வேண்டியிருக்கவில்லை, தண்ணீர்தான் வேண்டியிருந்தது.’”

ஸ்டேஷன் மாஸ்டர் அலுத்துக்கொண்டார். “அது ஒரு பிடிவாதம் சார். ரயில் வந்ததும் கெட்டிலைத் தூக்கிக்கிட்டு என்ஜின்கிட்டேருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் நேரா நடக்கும். யாரு கூப்பிட்டாலும் நிக்காது. திரும்பி வரும்போதுதான் விக்கும். அதுக்குள்ள பாதி நேரம் போயிடும். நாலு வருஷமா சொல்லிப் பாத்துட்டேன்.”

“நாலு வருஷத்துக்கு முன்னாடி?”

“அப்ப வியாபாரமே கிடையாதே. வீட்டோட இருந்துச்சு. சுத்தியல்காரர் சம்சாரம்தானே அது.”

சில்லறையின் விரல் புகார் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது.

“அன்னிக்கும் நிக்கலையா?” என்றார் மேடம்.

“அன்னிக்கு ஒருநாள்தான் நின்னுச்சு. பொண்ணு ஊருக்குப் போகுதே, பெத்த வயிறு இல்லையா? ஏழாவது பெட்டி ஜன்னல்ல, பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு...” மாஸ்டர் முடிக்காமல், இல்லாத காகிதத்தை மறுபடி தேட ஆரம்பித்தார்.

பிளாட்பாரத்துக்கு வந்ததும் சில்லறை தன் வழக்கமான குரலில் பேசவில்லை.

“எங்கப்பா கடை வாசல்ல நின்னு, சும்மா போறவன் கையைப் பிடிச்சு இழுத்து உள்ள உக்கார வெப்பாரு மேடம். நிக்காம போற வியாபாரியை நான் பாத்ததே இல்ல. நிறைஞ்ச கெட்டிலு, கை இத்துப்போற கனம். எதிர்ல காசு. நிக்கல. நாலு வருஷமா நிக்கல. அப்படின்னா நிக்கறதுல ஏதோ ஒரு நஷ்டம் இருக்கு. காசைவிடப் பெரிய நஷ்டம்.”

மேடம் சுற்றிலும் பார்த்தார். தாழ்ந்த, பழைய பிளாட்பாரம். தண்டவாளத்திலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. மதியம் போகவேண்டிய ரயில் காலியாக நின்றுகொண்டிருந்தது.

“அந்தப் பக்கம் இறங்கு. ஒரு குச்சி எடுத்துக்கோ. என்ஜின்லேருந்து ஒவ்வொரு சக்கரமா தட்டிக்கிட்டே வா.”

“சேலை கட்டின ஊசியே, இது என்ன சோதனை” என்று முனகிக்கொண்டே அவன் இறங்கினான். ஒரு மூங்கில் குச்சியால் தட்டினான். தட்டுவதற்குக் குனிய வேண்டியிருந்தது. குனிந்தால், சக்கரங்களுக்கு நடுவே, பெட்டியின் அடிவயிற்றுக்குக் கீழே, அந்தப் பக்கத்து பிளாட்பாரம் ஒரு நீளக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் மேடத்தின் கறுப்பு ஷூ இரண்டும் அவன் கூடவே நடந்து வந்தன. ஒரு தட்டு, ஒரு எட்டு. ஒரு தட்டு, ஒரு எட்டு. நாலாவது பெட்டிக்குள் அது ஒரு தாளமாகிவிட்டது. ஐந்தாவது பெட்டியில் அவன் ஒரு சக்கரத்தைத் தட்டினான். ஷூ நின்றது. அவனும் நின்றான்.

நேரம் போனது.

“ஏன் மேடம் நின்னுட்டீங்க?” என்று குரல் கொடுத்தான்.

“நீ ஏன் நின்னே?” என்று பெட்டிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

கையில் குச்சியோடு அவன் தண்டவாள ஜல்லியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னாலிருந்து கூப்பிட்டால் பதில் வராத ரோஷம். கைக்குட்டைக்குப் பின்னால் பேசினால் காதில் விழாத மரியாதை. முகத்தில், கொஞ்சம் கீழே, உதட்டில் நின்ற அந்தப் பார்வை.

“அவருக்குக் காது கேக்காது” என்றார் மேடம். “அவரோட காது இந்தப் பக்கம், கெட்டிலைத் தூக்கிக்கிட்டுக் கூடவே நடந்துக்கிட்டு இருந்தது.”

சில்லறை குச்சியைக் கீழே வைத்தான்.

குவார்ட்டர்ஸில் கடைசி வீடு. ஒரே அறை, ஒரு ஜன்னல். கெட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வாசலில் ஒரு ஜோடி பச்சை ரப்பர் செருப்பு, வலது கால் வார் அறுந்து செப்புக் கம்பியால் கட்டியது. டீக்காரம்மா தரையில் உட்கார்ந்து, மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

மேடம் காகிதத்தைக் கொடுத்தார். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு அதையும் துணி மாதிரியே நாலாக மடித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்காரு. இப்படியே இருக்கட்டும்மா.”

“உங்க வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போவார்.”

“போகட்டும். அங்கே நிம்மதியா இருப்பாரு.”

மேடமும் தரையில் உட்கார்ந்தார். ஊசி தரையில் உட்கார்ந்து சில்லறை பார்த்ததில்லை.

“சக்கரத்துல ரெண்டு தடம் இருக்கும்மா.”

டீக்காரம்மாவின் கை நின்றது. ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ ஒரு சரக்கு ரயில் போனது. அதன் சத்தம் தேய்ந்து மறையும் வரை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பழக்கம்.

“தெரியும். ரெண்டும் என் காதுல விழுந்துச்சு.”

“சொல்லுங்க.”

“அஞ்சு வருஷம் முன்னாடியே காது மங்க ஆரம்பிச்சுது. வருஷா வருஷம் டாக்டர் பரிசோதனை. டாக்டர் என்ன பண்ணுவாரு? எதிர்ல உக்காந்து ‘கேக்குதா’ன்னு கேப்பாரு. இவரு உதட்டைப் பாத்துட்டு ‘கேக்குது’ன்னுவாரு. முத்திரை குத்திடுவாங்க. வேலை போனா இந்த வீடு போயிடும். பொண்ணு படிப்பு பாதியில இருந்துச்சு தம்பி. நான்தான் சொன்னேன், ‘என் காதை எடுத்துக்கோங்க’ன்னு. நல்ல சத்தம்னா நடந்துக்கிட்டே இருப்பேன். கெட்ட சத்தம்னா நின்னுடுவேன். நான் நின்னா அவரு இன்னொரு தட்டுத் தட்டுவாரு. அப்பவும் நான் நகரலைன்னா அட்டையைச் செருகிடுவாரு. நாலு வருஷத்துல ஆறு சக்கரத்தைப் பிடிச்சிருக்கோம். பாராட்டுக் கடிதாசிகூட வந்துச்சு. அவரு பேருக்கு.”

சொல்லும்போது ஒரு கணம் அந்த முகத்தில் வேலை தெரிந்தவரின் பெருமை வந்து போனது.

“அன்னிக்கு?”

“பொண்ணு இருக்கிற பெட்டின்னாலும் நிக்கக் கூடாதுன்னு வைராக்கியமா நடந்தேன். கையைக்கூட ஆட்டல. ஜன்னலைத் தாண்டறப்ப அவ எட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டா. ‘அம்மா, முதல் சம்பளத்துல அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிடறேன். இனிமே நீ இந்தக் கெட்டிலைத் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டாம்’னா.”

சில்லறை தரையைப் பார்த்தான்.

“அவளுக்குத் தெரியாதுன்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம் தம்பி. நாலு வருஷமா எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே, தெரியாத மாதிரி இருந்திருக்கா. என் கால் அங்கேயே ஒட்டிக்கிச்சு. அப்பதான் அவரு தட்டினாரு. அப்புறம் இன்னொண்ணு. ரெண்டும் கேட்டுச்சு. நல்ல சத்தமா கெட்ட சத்தமான்னு மட்டும் மனசுல ஏறல. நான் அவ முகத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”



“இதெல்லாம் அவருக்குத் தெரியும்மா” என்று டீக்காரம்மாவே மடித்த காகிதத்தைத் தொட்டார். “அதான் தட்டவே இல்லைன்னு எழுதியிருக்காரு. தட்டவே இல்லேன்னா, நான் கேக்காம விட்டதுன்னு ஒண்ணு இல்லாம போயிடும்ல. எனக்காக அந்தச் சத்தத்தையே அழிச்சுட்டாரு. நான் அதை நம்பிட்டேன்னு போய்ச் சொல்லுங்க. அவருக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.”

மேடம் அந்தக் காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, சில்லறை அதுவரை கேட்டிராத தணிந்த குரலில் பேசினார்.

“அடுத்த ஸ்டேஷன்லயும் ஒரு சுத்தியல்காரர் இருக்கார்மா. அதுக்கு அடுத்ததுலயும். அவங்க காதையும் அதே டாக்டர்தான், அதே கேள்வி கேட்டுத்தான் சோதிச்சிருக்கார். இந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டா அதை இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு சோம்பேறி, ஒரு விபத்து, முடிஞ்சது கதை.” எழுந்து நின்றார். “அவர் உங்களுக்காக ஒளிக்கிறார். நீங்க அவருக்காக ஒளிக்கிறீங்க. பொண்ணு உங்க ரெண்டு பேருக்காகவும் ஒளிச்சு வெச்சிருந்தா. இந்த வீட்டுல எல்லாரும் ஒரே மூட்டையைத் தனித்தனியா தூக்கிக்கிட்டு நடந்திருக்கீங்க. நாலு மணிக்கு மாஸ்டர் ரூம்ல இருப்பேன். உங்களைக் கூப்பிடல. நேரத்தை மட்டும் சொல்றேன்.”

டீக்காரம்மா துணியை மறுபடி பிரித்தார்.

“நான் வரலம்மா.”

நாலு அடிக்கப் பத்து நிமிடம். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜைக்கு எதிரே, கதவைப் பார்த்தபடி, சுத்தியல்காரரை உட்கார வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் சுவரோரம் நின்றார். மேடம் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார். சில்லறை இந்த முறை நேராக எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் நிறுத்திப் பேசினான். அதைக் கவனித்ததும் சுத்தியல்காரரின் முகம் சுருங்கியது. பிடிபட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“காது விஷயம் எங்களுக்குத் தெரியும் ஐயா.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“சக்கரத்துல ரெண்டு தடம் இருக்கு.”

“பழைய தடமா இருக்கும்.”

“சேத்துக்கு மேல இருக்கு.”

“வேற யாராவது தட்டியிருப்பாங்க.” குரல் ஏறியது. காது கேட்காதவர்களின் குரல் ஏறும்போது அளவு தெரியாது. வெளியே பிளாட்பாரம் வரைக்கும் கேட்டிருக்கும். “நான் தட்டல. என் வீட்டுக்காரிக்குச் சொன்னீங்களா? நான் ஏழாம் பெட்டியைத் தட்டவே இல்ல. அங்க ஒரு சத்தமும் வரல!”

சில்லறைதான் முதலில் பார்த்தான். ஆடும் கதவுப் பலகைக்குக் கீழே, வெளியே, ஒரு ஜோடி பச்சை ரப்பர் செருப்பு நடந்து வந்தது. வலது வாரில் செப்புக் கம்பி மின்னியது. அந்தக் கடைசி வார்த்தை முடிந்த இடத்தில் செருப்பு நின்றது.

அவன் திரும்பிச் சுத்தியல்காரரைப் பார்த்தான். அவர் கதவுக்குக் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை ரயிலோ அத்தனை முறை, தலையைக் குனிந்து பார்த்த அதே பார்வை.

கால் நகரவில்லை.

சுவர்க்கடிகாரம் ஓடியது. போலீஸ்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையை உயர்த்தி அடக்கினார்.

“நின்னுட்டா” என்றார் சுத்தியல்காரர். யாரிடமும் இல்லை.

கால் அப்போதும் நகரவில்லை.

அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். நாலு நாளாக அங்கேயே இருந்து, வேர்வையில் ஓரம் ஊறிப்போன சிவப்பு அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“தட்டினேன். எழுதிக்கோங்க மேடம்.” குரல் இப்போது தாழ்ந்து வந்தது. “அவ கால் நின்னுச்சு. இன்னொரு தட்டுத் தட்டினேன். அப்பவும் நகரல. அட்டையை எடுத்துட்டேன். கையில இருந்துச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, இது பொண்ணு உக்காந்திருக்கிற ஜன்னலாச்சேன்னு. ஆத்தாளும் மகளும் பேசிக்கிறாங்கன்னு நினைச்சேன். சிரிச்சேன் மேடம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, சிரிச்சேன். நாலு வருஷமா எனக்காக நிக்காம நடந்தவ, ஒரு நிமிஷம் அவளுக்காக நிக்கட்டும்னு... அட்டையைப் பையில வெச்சுட்டேன்.”

மேடம் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். பழைய காகிதத்தை நாலாகக் கிழித்தார்.  சில்லறை, கொட்டகைத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கைக்குட்டையைத் தேடினான்.

சுத்தியல்காரர் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே, கதவுக்குக் கீழே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

பச்சைச் செருப்பு ஒரு எட்டு எடுத்து வைத்தது. பிறகு இன்னொரு எட்டு.